செண்டு என்றால் பந்து

பெங்களூரில் செண்டு பட்டு ஜன்னல் கண்ணாடி உடையும். ஊரில் இருப்பவர்களே, சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன். ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் சந்தில் அடிக்கடி நடப்பதுதான். கன்னடத்தில் செண்டு என்றால் பந்து. இதை வந்த அன்றே யாராவது என் காதில் போட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

வேலூரில் நான் பூப்பந்து ஆடியவன். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. தரையில் விழுமுன் அடித்துவிட வேண்டும், விழுந்தால் பாயிண்ட் போச்சு. தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தால், எல்லாரும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதுவும் மஞ்சள்தான், அதற்கும் மேலெல்லாம் ரோமம்தான். குணம் மட்டும் நேரெதிர். விழுந்து எழுவதற்கென்றே பிறந்த பந்து அது. எனக்கோ பந்து தரையை நெருங்கினாலே கை பதறும். முன்னால் பாய்ந்து மட்டையை வீசி அவுட் ஆவேன். "பௌன்ஸ் ஆகலி குரு, ஸ்வல்ப வெயிட் மாடி!" பந்து எழும்பட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று கேப்டன் மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டில்கூட அவர்கள் பேச்செல்லாம் மேட்ச்தான். அந்த அணியில் ஓர் இடம் கிடைத்தால் இந்த ஊரே கிடைத்த மாதிரி என்று ஏங்கிக் கிடந்தேன்.

பக்கத்துப் பிரிவோடு மேட்ச். ஒருவருக்குக் காய்ச்சல் வர, இடம் எனக்கு வந்தது! "நாளே நீவே செண்டு தர்பேக்கு, மரீபேடி" என்றார் மஞ்சுநாத். நாளைக்கு நானே கொண்டுவர வேண்டும், மறக்கக் கூடாது என்பது வரை புரிந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் போல என்று, அல்சூரில் ரோஜாச் செண்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. எதிரணியில் மர்பி டவுன் தமிழர் அந்தோணி, "இன்னா மச்சி, இத்த வச்சி போலிங் போடறதா, பொண்ணு பாக்கப் போறதா?" என்றார். கடைசியில் அவரிடமே கெஞ்சிப் பந்து வாங்கினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி ஆளாக இறங்கினேன். இன்னும் நாலு ரன் வேண்டும். அந்தோணி பந்தை வீசினார். "வெயிட் மாடி!" என்று மஞ்சுநாத் கத்துகிறார். யார் காத்திருப்பது? முன்னால் பாய்ந்து, பந்து தரையைத் தொடுமுன் பூப்பந்துக்குப் போடுகிற அதே போடு. சுவரைத் தாண்டிப் போனது! ஜெயித்துவிட்டோம்! மஞ்சுநாத் ஓடிவந்து கட்டிப்பிடித்து, அந்த ரோஜாச் செண்டை என் கையில் திணித்தார். "தகொளி, நிம்ம செண்டு!" அன்றிலிருந்து ஆபீசில் என் பெயரே செண்டுதான். கூப்பிட்டால் இன்றும் சந்தோஷமாகத் திரும்புகிறேன்.

சில வருடம் கழித்து வேலூரில் தங்கை கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் கூட்டம் சேருமுன் வாசலில் சொந்தக்காரர்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். பந்து உள்ளே உருண்டு மேடை வரை போய்விட்டது. "அம்மு, அந்தச் செண்டைத் தூக்கிப் போடு!" என்று கத்தினேன்.

"இது எதுக்குண்ணா உனக்கு?" என்றபடி தங்கை கையிலிருந்த பூச்செண்டை வீசினாள். தரையில் விழுமுன் பாய்ந்து பிடித்துவிட்டேன். பந்து அவள் காலடியிலேயே கிடந்தது.