லியாம் கொண்டுவந்த பூ

அயர்லாந்தில் பூவைப் பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பையன் அந்தப் பெட்டியோடு நேராக நம் வீட்டுக்கு வந்து, நம் பெண்ணின் கையில் பூவைக் கட்டிவிட்டு, நமக்கு ஒரு டப்பா சாக்லேட்டும் கொடுத்துவிட்டு, அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவான். நாம் வாசலில் நின்று கையசைக்க வேண்டும் என்றால், ஜவ்வாது மலையில் பிறந்த ஒருத்தி அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? போன ஆகஸ்டில் எனக்கு இது நடந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு இங்கே 'டெப்ஸ்' என்று ஒரு விருந்து உண்டு. பெண்கள் தரையைத் தொடும் கவுனும் பையன்கள் கோட்டும் போட்டுக்கொண்டு போகிறார்கள். என் மகள் யாழினிக்குத் துணையாக வந்தவன் அவளுடைய வகுப்புத் தோழன் லியாம். கோட்டில் ஒரு வெள்ளை ரோஜாவைக் குண்டூசியால் குத்தியிருந்தான். பெட்டிக்குள் அதே ரோஜா இரண்டு, மணிக்கட்டில் கட்ட ரிப்பனோடு. 'கோர்சாஜ்' என்று பெயராம்.

பின்னாலேயே அவன் அம்மா, அப்பா, தங்கை என்று குடும்பமே வந்து நின்றது. என் கை தானாகத் தாம்பாளத்தைத் தேடியது. குங்குமத்தையும் நீட்டியிருப்பேன், நல்லவேளையாக என் கணவர் கண்ணைக் காட்டினார். லியாமின் அம்மாவை ஓரமாக அழைத்து, "இதற்கப்புறம் என்ன?" என்று கேட்டேன். "அப்புறமா? விடிய விடிய விருந்து, காலையில் டிபன் கொடுத்து பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார்கள்" என்றார். நான் கேட்டது அதுவல்ல. "இல்லை, உங்கள் பையனுக்கு..." என்று இழுத்தேன். "அவனா? அடுத்த மாதம் டப்ளினுக்குப் படிக்கப் போகிறான். துணி துவைக்கிற மெஷினைப் போடக்கூடத் தெரியாது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் கணவர் வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டார்.

எங்கள் மலையில் ஒரு வீட்டார் குடும்பத்தோடு பூ எடுத்துக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அவள் அந்த வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் வைத்தார்கள். திருப்பத்தூரில் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிது. லீவில் வந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வா என்றார்கள், வந்தேன். தலையைக் குனி என்றார்கள், குனிந்தேன். நல்ல மனிதர் கிடைத்தார், அது என் அதிர்ஷ்டம். அந்த நர்ஸ் படிப்பே என் அண்ணனால் வந்தது. பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட ஊரின் வாயை அடைத்து, என் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பஸ் நிற்கும் இடம்வரை காட்டுவழியில் நடந்தவர். யாழினி பிறந்த அன்று போனில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எங்க மணிக்குப் பொண்ணு பொறந்துட்டா!" மணி அவர் மகன், அப்போது அவனுக்கு நான்கு வயது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே பதினெட்டு வருடம் இழுத்தேன். யாழினிக்கு இந்த ஏற்பாட்டில் துளியும் விருப்பமில்லை என்று தெரியும். கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். ஆனால் அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே அவரிடமிருந்து போன். "இன்னாமா இது? பொண்ணுக்குப் பூ வெச்சுட்டீங்களாமே? மணி போன்ல காட்றான். வெள்ளக்காரப் பையன் கையில பூ கட்றான், சுத்தி அவங்க வூட்டு ஜனமெல்லாம் நிக்குது. எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணல இல்ல?"

என் கணவர் காதருகே வந்து, "ஆமான்னு சொல்லிட்டுப் போன வெச்சுடு, தீந்துச்சி" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் லியாமை மருமகனாகவே ஆக்கிக்கொண்டேன். ஒரு 'ஆமாம்' போதும், என் பெண் தப்பித்துவிடுவாள். பிறகு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. துணி துவைக்கத் தெரியாத ஒரு பையனின் முதுகுக்குப் பின்னாலா ஒளிந்துகொள்வது?

"யாரும் பூ வெக்கலண்ணா. அது பள்ளிக்கூடத்து விருந்து. அந்தப் புள்ள கூடப் படிச்சவன், அவ்ளோதான்."

"அப்டியா! அப்ப நாம தையில வந்து..."

"தையிலயும் இல்ல, எப்பவும் இல்லண்ணா. மணிக்கு யாழினியக் குடுக்கற பேச்ச இன்னியோட வுட்டுடு. அவ படிக்கட்டும். யாரக் கட்டிக்கணும்னு அவளே சொல்லுவா. இத எப்பவோ சொல்லியிருக்கணும், உனக்குப் பயந்துகினு சொல்லல."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மணியின் குரல் வந்தது. "அத்த, நல்லாக் கீறீங்களா? ரொம்ப தேங்க்ஸ் அத்த!" திருப்பத்தூரில் தன்னோடு படித்த, பக்கத்து மலைக்கிராமத்துச் செல்வியை அவன் மனதில் வைத்திருந்தானாம். "இதுக்குத்தான் போனத் தூக்கினு ஓடியாந்தியாடா?" என்று அண்ணன் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பா வாயாலேயே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வரட்டும் என்றுதான் பையன் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கார்த்திகையில் போன் செய்தார். "தையில செல்விக்குப் பூ வெக்கப் போறோம். அத்தக்காரி நீ வராம வேற எவ தட்டெடுப்பா?" அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

முதல் பஸ்ஸில் மலையேறி வந்த முல்லையும் கனகாம்பரமும் தட்டில் இருந்தன. செல்வியின் வீட்டு வாசலில் சனம் நெருக்கியடித்து நின்றது. அண்ணன் தட்டை என் கையில் கொடுத்தார். செல்வி தலையைக் குனிந்தாள். அங்கேதான் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. அயர்லாந்து ஆஸ்பத்திரியில், ஊசி போடும் முன் ஒவ்வொரு நோயாளியிடமும் 'போடட்டுமா' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். பூவைப் பிடித்தபடியே கேட்டுவிட்டேன்:

"வெக்கட்டுமா கண்ணு? உனக்கு சம்மதமா?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். "இன்னா கேக்குது இது?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். செல்வி நிமிர்ந்தாள். அந்த நேரத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "வெய்ங்க அத்த" என்றாள்.

வைத்தேன். வைத்த கை மலைக்காரியின் கை; கேட்ட வாய் எந்த ஊருடையது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அடுத்துப் பூ வைக்க வேண்டியவள் என் அண்ணி. தட்டிலிருந்து பூவை எடுத்து, ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, செல்வியின் பக்கம் திரும்பினாள்.

"நானும் வெக்கட்டுமா?"