நீட்டு பப்ஸ்

எழுபதுகளின் கடைசியில் புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு மலையாளி பேக்கரி வைத்திருந்தார். சாயங்காலம் கம்பெனி ஷிப்ட் விட்டு கும்மிடிப்பூண்டி பஸ் வந்து நின்றால் போதும், அந்த அடுப்பு வாசனையே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். காய் வைத்த பப்ஸ் முக்கோணம், முட்டை வைத்தது நீட்டு. வாடிக்கைக்காரர்கள் உள்ளே என்ன என்று வாய் திறந்து கேட்கவே வேண்டாம். தேங்காய் பன்னைப் பிட்டால் உள்ளே பூரணம் சூடாக இருக்கும். இப்போது விற்கிறார்களே, அதெல்லாம் ஒரு பப்ஸா? வாயில் போட்டால் அட்டை.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் அந்தக் கடைப் பலகாரம்தான். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமைதான் லீவு. அவர்கள் வீட்டில் சனிக்கிழமை முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள் என்று தரகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பஜ்ஜி சொஜ்ஜி என்றால் எங்கள் நைனாவுக்கு இளக்காரம். எல்லார் வீட்டிலும் அதுதானாம். பேக்கரி பக்கமே போகாத மனுஷன் அன்றைக்குப் போய், "பெருசா இருக்கறதா பாத்துக் கட்டுப்பா" என்று வாங்கி வந்துவிட்டார். பூ வாங்கப் போன நான் திரும்பும்போது அக்கா தட்டோடு கூடத்தில் நிற்கிறாள். தட்டில் ஒரு பக்கம் பன், மறுபக்கம் அத்தனையும் நீட்டு பப்ஸ். அத்தனையும் முட்டை, அதுவும் சனிக்கிழமை.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைதான் முதலில் எடுத்துக் கடித்தார். மஞ்சள் கரு தெரிந்தது. சட்டென்று கையால் மூடிக்கொண்டார். அக்காவும் பார்த்துவிட்டாள். அக்கா முகத்தை அவர் ஒரு தடவை பார்த்தார், மென்று விழுங்கினார். அவர் அம்மா கையை நீட்டவும், "உனக்கு இது ஆவாதும்மா, ஒரே எண்ணெ. நீ பன்னு எடுத்துக்கோ" என்று ஒரு பன்னைக் கொடுத்துவிட்டுத் தட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். பப்ஸ் ஒன்று விடாமல் அவரே தின்று தீர்த்தார். விக்கல் எடுத்துவிட்டது, பாவம்.

அந்தம்மா எங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊட்ல பாதிச் சோத்துல எழுந்துக்குவான். பொண்ணு கையால குடுத்தா எப்டி துன்றான் பாருங்க. இதுக்கு மேல இன்னா கேக்கறது? எங்களுக்குப் புடிச்சிருக்கு."

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னும் ரெண்டு வாங்கினு வரட்டா மாப்ள?" என்றார். அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா கேட்டா சொல்லிடு. எனக்கு இவருதான்."