கெசியாவின் கை

பாஸ்டனுக்கு வடக்கே, உப்புச் சதுப்பை ஒட்டிய எங்கள் ஊரில் கெசியா லேத்ரப் தனியாகத்தான் இருந்தாள். கடலுக்கு மீன் பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. பக்கத்து வீட்டு டார்கஸின் மகள் ரோடாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். டார்கஸ் பதறிப்போய்க் கத்துவாள். கெசியா மாவு ஒட்டிய கையோடு ஓடி, பிள்ளையின் பிடரியைத் தாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் ரோடா அடங்கிவிடுவாள்.

பிறகுதான் சூனியக்காரிகளைத் தேடிய அந்த வருஷம் வந்தது. வலிப்பு என்றாலே யாரோ ஏவிவிட்டது என்றார்கள். "யாரும்மா உன்னைப் படுத்துறது? பேரைச் சொல்லு" என்று போதகர் ரோடாவை விடாமல் கேட்டார். வலிப்பு வரும்போதெல்லாம் அவள் கூப்பிடுகிற பெயரே வாயில் வந்தது: கெசியா.

விசாரணை சபைக்கூடத்தில் நடந்தது. சூனியக்காரி தொட்டால் அவள் ஏவிய விஷம் அவள் உடம்புக்கே திரும்பிவிடும், பாதிக்கப்பட்டவள் தெளிந்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. தெளிந்தால் தொட்டவளுக்குத் தூக்கு.

நீதிபதி கெசியாவைக் கேட்டார். "ரோடாவுக்கு வலிப்பு வந்தா நீ தொடுவியாம்மா?"

"வேண்டாங்கய்யா. நான் தொட்டா அவ அடங்கிடுவா."

பெண்கள் பெஞ்சில் சலசலப்பு. "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா!" என்றாள் ஒருத்தி. என் பக்கத்தில் இருந்த ப்ரூடன்ஸ், "எம்புருஷனையும் ஒரு தடவை தொடச் சொல்லுங்கடி, அந்த மனுஷனும் அடங்கட்டும்" என்றாள். நான்கைந்து பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"ஏன் அடங்கிடுவா?" என்றார் நீதிபதி.

"சின்னப் பிள்ளையிலேருந்து நாந்தாங்கய்யா புடிக்கிறேன். பழகிப்போச்சு. டார்கஸைக் கேளுங்க."

டார்கஸ் தரையைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லீங்க."

அந்த நேரத்தில்தான் ரோடா விழுந்தாள். அவள் தலை பலகைத் தரையில் மோதி மோதி எழும்பியது. யாரும் கிட்டே போகவில்லை. எல்லோரும் கெசியாவையே பார்த்தார்கள். அவள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள். சத்தத்தை என்ன செய்வாள்? மறுபடியும் தலை மோதியது. நீதிபதி இன்னும் உத்தரவு சொல்லவில்லை. கெசியா எழுந்து போய், தரையில் உட்கார்ந்து, பிடரிக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

ரோடா அடங்கினாள்.

"ஆமென்" என்றார் போதகர்.

தூக்குக்குத் தேதி வைப்பதற்குள் ஆளுநர் விசாரணைகளை நிறுத்திவிட்டார். சிறையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து, கெசியா வசந்தத்தில் திரும்பி வந்தாள். யாரும் அவளை ஏசவில்லை. சபையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். என் இடம் அதற்குப் பின்வரிசை. முன்னால் நகர்ந்து உட்காரலாம் என்று ஒவ்வொரு ஓய்வுநாளும் நினைப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் கிணற்றுப் பாதையில் பனிக்கட்டி வழுக்கி நான் விழுந்தேன். எதிரே கெசியா வந்தாள். குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்படியே இருங்க. யாரையாவது கூப்பிடறேன்."

"யாரும் வேண்டாம். நீயே கையைக் குடு."

"வேண்டாங்க. வலி நின்னுடுச்சுன்னா?"

வேலியைப் பிடித்து நானே எழுந்தேன். அவள் என் வீடு வரைக்கும் கூடவே வந்தாள், இரண்டு கஜம் தள்ளி.