கொஞ்சம் ஆடத்தான் செய்யும்

பழைய இரும்புக்காரர் தராசை இறக்கி வைத்த சத்தம் கேட்டதும், பஞ்சர் அக்கா கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்து, தன் மணல்வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னையும் சேத்து எடை போடுங்க" என்றாள்.

மணல்வண்டி என்றதும் மணல் அள்ளுகிற வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு வெளியே மைல் கணக்கில் கிடக்கிற மணல்மேடுகளில் ஏறி இறங்குவதற்கென்றே பைப்பை வளைத்துப் பற்றவைத்துச் செய்த வண்டி அது. கதவு கிடையாது, கூரை கிடையாது, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். பின்சக்கரம் இரண்டும் பானை மாதிரி பருத்திருக்கும், முன்சக்கரம் இரண்டும் ஒல்லி. ஜீப்பில் வந்து, மணலுக்கு நடுவே டயர் போய்த் தவிக்கிறவர்களிடம் காற்று சிலிண்டரோடு போய்ச் சேர அவளுக்கு வேறு வழியில்லை. அது தொழிலுக்கு. ஆனால் யாரும் கூப்பிடாத நாளிலும் அவள் போவாள். நாளெல்லாம் டயருக்கு முன்னால் குனிந்தே இருக்கிறவளுக்கு அந்த மேட்டு உச்சியில்தான் முதுகு நிமிரும்.

இரும்புக்காரரை வரச் சொன்னது அவள் புருஷன். லாரி ஓட்டுகிறவர். இப்போது இடது கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்றார். அந்தக் கட்டுக்குக் காரணம் இந்த வண்டிதான். கொஞ்ச நாள் முன்பு மேட்டிலிருந்து இறங்கும்போது, பக்கத்து சீட்டில் இருந்த அவர், "முன்சக்கரம் ஆடுது, நிறுத்து" என்றார். அவள் நிறுத்தவில்லை. வண்டி குட்டிக்கரணம் போட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்குக் கை போயிற்று, வண்டிக்கு முன்பக்கம் போயிற்று.

"இறங்கு. இது நான் முடிவு பண்ணது."

"முடிவு உங்களோடது. வண்டி என்னோடது."

"கை என்னோடது."

அதற்காக இறங்கிவிடுகிற ஆள் இல்லை அவள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இரும்புக்காரர் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, எனக்கு இன்னும் நாலு இடம் போகணும். குடும்பச் சண்டையை நிறுக்க என்கிட்ட எடைக்கல் இல்ல."

கடைசியில் லாரிக்காரர்தான் ஒரு பேச்சுக்கு வந்தார். முன்பக்கத்தை அடியோடு மாற்றட்டும். பெரிய மேட்டில் ஏறி இறங்கட்டும். இறங்கினதும் அவரே சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் வண்டி தராசுக்கு.

"சரியா?"

"சரி" என்றாள், சரியில்லாத குரலில்.

பழைய முன்பக்கத்தில் இரண்டு சக்கரத்தையும் ஒரே குறுக்கு அச்சு தாங்கியது. அதை அறுத்து எறிந்தாள். இடிபட்டுக் கிடந்த ஒரு சின்னக் காரிலிருந்து, சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக இரண்டிரண்டு இரும்புக் கைகள் உள்ள சஸ்பென்ஷனைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பற்றவைக்கிற வேலை அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டம் சக்கரம் மாட்டும்போது வந்தது. காரின் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டுகிற நடுக்குடத்தில், நான்கு போல்ட். அவளுடைய மணல் சக்கரத்துக்கு ஐந்து. அந்த ஒல்லிச் சக்கரம் பழைய ஹப்பில்தான் உட்காரும். பழைய ஹப்போ புது அச்சுமுனையில், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தொளதொளவென்று தொங்கியது.

லேத் பட்டறை வைத்திருந்த கொழுந்தன் வந்து பார்த்தான்.

"இதுக்குப் போயா அண்ணி இவ்ளோ யோசிக்கறீங்க? அச்சுமுனை மேல குழாய் மாதிரி ஒரு புஷ் மாட்டிவிட்டா தடிச்சுடும். மத்தியானத்துக்குள்ள தர்றேன்."

"அது முட்டை ஓடு கனம்தான் வரும் தம்பி. மேட்டுலேருந்து குதிச்சா பொளந்துக்கும்."

"குதிக்காம போங்க."

"குதிக்காம போறதுக்கு நான் பஸ்ஸுல போவேனே."

அவள் பேரிங் கடைக்குப் போனாள். வெளிவட்டம் பழைய ஹப்புக்குப் பொருந்த வேண்டும், உள்ஓட்டை புது அச்சுமுனைக்குப் பொருந்த வேண்டும். அப்படி ஒரு பேரிங் உலகத்தில் எங்காவது இருக்கத்தானே வேண்டும் என்று, கடைக்காரர் அலுத்துப்போகும்வரை பெட்டி பெட்டியாகப் பிரித்து அளந்தாள். உட்பக்கத்துப் பெரிய பேரிங் கிடைத்தது. வெளிப்பக்கத்துச் சின்ன பேரிங் கிடைக்கவே இல்லை. உள்ஓட்டை சரியாக இருந்ததில் வெளிவட்டம் சின்னதாக இருந்தது.

திரும்பவும் கொழுந்தனிடம் போனாள். "புஷ் போடுவோம் தம்பி. ஆனா அச்சுமுனை மேல இல்ல. ஹப்புக்கு உள்ள, நல்ல கனமா, அசையாம உக்கார்ற மாதிரி ஒரு வளையம்."

"ஹப்பு ரெண்டையும் கடையணும், வளையம் ரெண்டும் கடையணும். சும்மா விளையாட்டுக்கு ஓட்டற வண்டி இது."

"உங்க அண்ணன் கை அதுல ஒரு தடவை ஒடைஞ்சிருக்கு. விளையாட்டா?"

கொழுந்தன் லேத்தைப் போட்டான்.

வளையம் ஹப்பின் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது. வேண்டுமென்றேதான். வளையத்தைக் குளிர வைத்துச் சுருக்கி, ஹப்பைச் சூடாக்கி விரித்து, உள்ளே போட்டுவிட்டால் பிறகு கழன்று வராது. லாரிக்காரர் தண்ணீருக்கு ஐஸ் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது, ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று இரண்டு இரும்பு வளையங்கள் இருந்தன.

"ஏய், இதை வறுக்கணுமா, குழம்பு வைக்கணுமா?"

"தொடாதீங்க. தொட்டா இன்னொரு கையையும் ஒடிச்சிடுவேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவள் அடுப்பில் ஹப்பை வைத்துச் சுடவைத்து, துணியால் பிடித்து வளையத்தை உள்ளே விட்டாள். டப்பென்று உட்கார்ந்தது. மணல் புகாமலிருக்கப் பின்பக்கம் புது ரப்பர் சீல். உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் பேரிங்குகளின் இடுக்கெல்லாம் ஏற்றினாள். சக்கரம் ஏறியது.

மீதி இருந்தது நட்டு. எல்லா வம்பும் அந்த நட்டில்தான் இருந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அதை இறுக்க வேண்டும், பிறகு துளி தளர்த்த வேண்டும். ஓடிச் சூடாகும்போது பேரிங் விரிவதற்கு அந்தத் துளி இடம் வேண்டும். ஆனால் துளி இடம் விட்டால், பிடித்து ஆட்டுகிறவன் கைக்குத் துளி ஆட்டம் தெரியும்.

"நல்லா இறுக்கிடுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "அண்ணன் ஆட்டிப் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் லூஸ் பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் இறுக்கிப் பார்த்தாள். சக்கரம் பாறை மாதிரி நின்றது. கையால் சுற்றிவிட்டாள். அரைச் சுற்றில் முனகி நின்றது. ஸ்பேனரை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு தடவை நிறுத்து என்று சொன்னதைக் கேட்காமல் அவர் கையை ஒடித்தாயிற்று. இப்போது அவர் கண்ணிலும் மண்ணைத் தூவ வேண்டுமா? துளி தளர்த்தி, நட்டுக்குப் பூட்டுக் கம்பி போட்டாள்.

"தோத்துடுவீங்க அண்ணி."

"அதை அப்புறம் பாக்கலாம்."

லாரிக்காரரின் கட்டு பிரிந்த வாரமே மேட்டுக்குப் போனார்கள். அவர் கை வெளுத்து மெலிந்திருந்தது. இரும்புக்காரரும் வந்திருந்தார், தராசோடு.

அவள் ஏறினாள். எஞ்சின் அலறியது, பின்சக்கரம் மணலை வாரி இறைத்தது. உச்சியில் வண்டி ஒரு நொடி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, அந்தப் பக்கம் மறைந்தது. கீழே நின்ற மூவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, ஏறி, குதித்து, நேராக அவர்கள் முன்னால் இறங்கி நின்றாள். ஸ்டியரிங் கையில் ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை.

கொழுந்தன் ஜாக்கி போட்டான். லாரிக்காரர் மண்டி போட்டு, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசாக ஒரு டொக்.

"ஆடுது" என்றார்.

"ஆடும். கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நீங்க லாரியை டீக்கு நிறுத்தினா மொத வேலையா என்ன செய்வீங்க?"

எங்கே நிறுத்தினாலும் அவர் லாரியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். கை சுட்டால் பேரிங் வேகிறது என்று அர்த்தம்.

"வச்சுப் பாருங்க."

மெலிந்த அந்தக் கையையே ஹப்பின் மீது வைத்தார். எடுக்கவில்லை. சும்மா வெயிலில் கிடந்த இரும்பின் சூடுதான். அடுத்த சக்கரத்துக்குப் போய் அங்கும் வைத்தார். எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார்.

"வேலை சுத்தம்" என்றார். "இருந்தாலும் பேச்சு பேச்சுதான். ஆடிச்சு."

"ஆமா, ஆடிச்சு. பேச்சுப்படி நீங்க ஜெயிச்சுட்டீங்க." வண்டியில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். "வண்டியைத் தரமாட்டேன்."

"இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லதான். நிறுத்துன்னு நீங்க சொன்னா இனிமே நிறுத்துவேன். அது உங்க கைக்காக. ஆனா வித்துடுன்னு சொன்னா விக்க மாட்டேன்."

இரும்புக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, நான் தராசை இறக்கவா, வேண்டாமா?"

லாரிக்காரர் ஜாக்கியைத் தானே இறக்கினார். "எதை நிறுக்கப் போறீங்க? அதான் உள்ள ஏறி உக்காந்துட்டாளே."

அவள் எஞ்சினைக் கிளப்பினாள்.

"மெதுவாப் போ" என்றார் அவர்.

நிறுத்து என்று சொல்லவில்லையே. அவள் மெதுவாகப் போகவில்லை.