தாடையில் வைத்த இசைக்கவை

காது டாக்டர் இசைக்கவையை முழங்கையில் தட்டி என் காதருகே கொண்டுவந்தபோது, இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகமும், அதன் பழைய ரப்பர் வாசமும், போத்தனூர் ரயில் கடக்கையில் ஜன்னல்கள் அத்தனையும் கடகடத்தாலும் குரலை உயர்த்தாமல், நிறுத்தாமல் பாடம் நடத்திக்கொண்டே போகும் இயற்பியல் சாரும் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒலியியல் வகுப்பில் எங்கள் ஒவ்வொருவர் காதிலும் இசைக்கவையைப் பிடித்து, "கேக்குதா கண்ணு?" என்பார், நாங்கள் தலையாட்டுவோம். கடைசியாகத் தன் தாடை எலும்பில் அதை அழுத்திக்கொண்டு, அதிர்வு அடங்கும்வரை கண்மூடி நிற்பார். எலும்பு வழியாகவும் ஒலி போகும் என்று பாடம் நடத்துகிறார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"கேக்குதுங்களா?" என்று டாக்டரின் உதடுகள் அசைந்தன.

இசைக்கவையை அவர் கையிலிருந்து வாங்கி என் தாடையில் அழுத்தினேன். அங்கே கேட்டது.