பாடியவர் பெயர்

கல்லூரி முதலாம் ஆண்டில் மரபிசை எங்களுக்கு ஒரு பாடம். ஊர்ப் பாட்டுகளைத் திரட்டி, பாடியவர் பெயரோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். வகுப்பில் மேரி தேவாலயப் பாட்டொன்றைப் பாடிவிட்டு, “இது எங்கட அம்மாட பாட்டு” என்றாள். அடுத்து, கல்முனைக் கடைத்தெருவில் பதிந்த ஒன்றைக் கைபேசியில் ஒலிக்கவிட்டாள். றபான் என்ற கைப்பறையைத் தட்டி, பைத் என்ற இஸ்லாமியப் பாட்டுப் பாடும் பக்கீர் ஒருவரின் குரல். அது என் வாப்பா. அவர் கடை கடையாகப் பாடிப் பிழைப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“நீ கல்முனைதானேடி, இவர் ஆரெண்டு தெரியுமா? பேர் போடாட்டி சேர் ஏசுவார்.”

“தெரியாது.”

“என்ன குரல்டி! எங்கட பாஸ்டரும் தோத்துப்போவார்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ‘பாடியவர்: பெயர் தெரியவில்லை’ என்று அவள் எழுதினாள். அதைப் பார்த்து நானும் எழுதினேன்.

ஆறு மாதமாகிறது. மேரியைக் காணும்போதெல்லாம் சொல்ல வாயெடுக்கிறேன்.

“என்னடி?” என்பாள்.

“ஒண்டுமில்ல.”

தாயின் பாட்டென்று சொல்ல அவளுக்கு ஒரு நொடிதான் எடுத்தது.