ஜன்னல் தகட்டில் வைத்த தெர்மாமீட்டர்

பதினோரு வருஷம் டாக்டர் அகஸ்டினின் டிஸ்பென்சரியில் ஊசி கொதிக்கவைத்து, கட்டுப் போட்டு, காய்ச்சல் பார்த்தவள் நோரா. சாந்தோமில் அவள் கை படாத பிள்ளை இல்லை. அவளைத்தான் அந்த மனுஷன், பூசை முடிந்து ஜனம் கூடி நின்ற கோயில் வாசலில், திருடி என்றார். நாற்பத்து மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம்.

யுத்தத்தால் சீமையிலிருந்து தெர்மாமீட்டர் வருவது நின்றுபோயிருந்தது. டிஸ்பென்சரியில் இருந்த மூன்றும் ஒரே மாதத்தில் உடைந்தன. நோரா சில்லுகளைக் காட்டினாள். "நல்லதை வித்துட்டு எதையோ உடைச்சுக் காட்டுறே" என்றார் டாக்டர். வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் யோசித்தாள். மூன்றின் சில்லும் கிடைத்தது மேற்கு ஜன்னலில். காய்ச்சல் பார்த்ததும் வெளிச்சத்துக்காக அங்கே போய் அளவு பார்ப்பவர் டாக்டர்தான். அங்கேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் அவரேதான். மத்தியானம் இரண்டரைக்குத் தெருவில் நின்றபடியே அந்த ஜன்னலின் இரும்புத் தகட்டில் கை வைத்தாள். சுரீரென்றது. அட பாவி மனுஷா!

தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்வாளா? ஊர் பார்க்க வாங்கியதை ஊர் பார்க்கத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்! சனிக்கிழமை மத்தியானம், டிஸ்பென்சரி நிரம்பி வழிந்த நேரம் பார்த்து உள்ளே போனாள்.

"டாக்டர், நீங்க பூட்டி வெச்சிருக்கிற, உங்க அப்பா குடுத்த தெர்மாமீட்டரை அந்த மேற்கு ஜன்னல் தகட்டுல, வெயில்ல வைங்க. ஒரு மணி நேரம். உடையலேன்னா நாளைக்குப் பூசையில நானே திருடின்னு ஒத்துக்கிறேன்."

டாக்டர் சிரித்தார். "நம்ம தலையெல்லாம் தினம் இதே வெயில்லதானே வேகுது? ஒண்ணாவது வெடிச்சிருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஜோரில், வெள்ளிக் கூட்டிலிருந்து எடுத்துத் தகட்டில் வைத்தார்.

மடியில் பிள்ளையோடு காத்திருந்த ஹாஜிரா பீ கேட்டாள்: "இன்னா நோராம்மா, வெயிலு மெய்யாலுமே கண்ணாடிய ஒடைக்குமா?"

"ஒரு அண்டா வெதுவெதுப்பான தண்ணியில சூடு ஜாஸ்தி. எரியுற தீக்குச்சியில கொஞ்சம்தான். கையைச் சுடறது எது?"

"தீக்குச்சிதான்."

"அந்த மாதிரிதான். மொத்தமா எவ்ளோ சூடு இருக்குன்னு தெர்மாமீட்டர் பாக்காது. எந்த அளவுக்கு ஏறியிருக்குன்னுதான் பாக்கும். இதுல பாதரசம் ஏற நூத்திப்பத்து டிகிரி வரைக்கும்தான் இடம். தகடு அதுக்கும் மேல கொதிக்குது. ரெண்டும் ஒரே அளவு ஆகிற வரைக்கும் தகட்டோட சூடு இதுக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கும். பாதரசத்துக்கு இடம் பத்தலேன்னா கண்ணாடிதான் வெடிக்கும்."

டிக்.

பாதரசம் தரையில் உருண்டது. டாக்டர் மண்டியிட்டுக் காகிதத்தால் அள்ளப் பார்த்தார், ஒரு உருண்டை பத்தாயிற்று. நோரா ரசித்துப் பார்த்தாள். பார்க்கட்டுமே, அவள் வயிறெரிந்த எரிச்சல் அவளுக்குத்தானே தெரியும்.

"தப்பு என்னோடதுதான், நோரா. திங்கட்கிழமை வந்துடு."

"போன சூடு தானா தகட்டுக்குத் திரும்பி வந்து இதை ஒட்டவைக்குமா டாக்டர்? அந்தப் பாதரசத்தை அள்ளி உள்ள ஊத்துங்க. ஊத்தின அன்னிக்கு வரேன். முதல்ல கோயில் வாசல்ல சொன்னதை அங்கேயே வந்து வாபஸ் வாங்குங்க."

மறுநாள் பூசை முடிந்ததும் அவர் வாசலில் நின்று, தலைகுனிந்து, எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். நோரா நிமிர்ந்து நின்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பின்னால், அடையாற்றிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "தெர்மாமீட்டர் திருடினாளாமே, அது இவதானே?"

டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நோரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.